பினாங்கு மாநில இசை நாள்: யார் யார் பெயர் வர வேண்டும்?

1. ஆயர் ஈத்தாம் குமரன்

வணக்கம். ஜூலை 7 நமக்கு மாநில விடுமுறை. 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நாள் அது. கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் ஒரு நாள் கிடைத்துவிட்டது, நல்லது. அந்தத் தெருக்களில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும், அதை மாநில அரசே அறிவிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த இழை.

விடுமுறை கேட்கவில்லை. விடுமுறை என்றால் அரசிதழில் போட வேண்டும், முதலாளிமார் சம்மதிக்க வேண்டும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆண்டுதோறும் ஒரு நாள் இது பினாங்கு இசைக் கலைஞர்களின் நாள் என்ற அறிவிப்பும், அதை நடத்த ஒரு சிறு ஒதுக்கீடும் போதும்.

கொண்டாட ஆள் இல்லாத மாநிலமா இது? மலாய்த் திரையின் பாடகர்-நடிகர் பி.ரம்லி இங்கே பிறந்தவர். தேசப்பற்றுப் பாடல்கள் பல எழுதிய ஜிம்மி பாயில் இங்கே பிறந்தவர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். சாக்ஸபோன் கலைஞர் அகமது நவாப், மலேசிய அரசு வானொலி தொலைக்காட்சியான ஆர்டிஎம்மின் இசைக்குழுவில் நெடுங்காலம் இருந்த பியானோ கலைஞர் ஊய் இயோவ் ஜின், மலாய்ப் பாட்டுகளால் புகழ்பெற்ற அலிகேட்ஸ் குழு என்று அடுக்கலாம்.

என் கவலை வேறு. இப்படி ஒரு நாள் வந்தால் பெரிய பெயர்கள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். தமிழர் பங்கு என்று தொடக்கத்தில் ஒரு பரதநாட்டியம் வைப்பார்கள், அதோடு சரி. தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் வாசித்த நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர்கள், தோட்டத்துத் திருவிழாக்களில் வாசித்தவர்கள், கல்யாணக் கச்சேரி இசைக்குழுக்களில் ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்தவர்கள், இவர்களுடைய பெயரே எந்தத் தாளிலும் இல்லை. அப்படி ஒரு நாளை அறிவித்த பிறகு தேடுவதைவிட, அறிவிக்கச் சொல்லிக் கேட்கும்போதே பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எந்தத் தேதி, யார் யார், அன்றைக்கு என்ன நடக்க வேண்டும்? உங்கள் கருத்தை எழுதுங்கள். திரட்டி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கலை பண்பாட்டுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் மகஜராகக் கொடுக்கலாம்.

2. பட்டர்வொர்த் மாலதி

தேதிக்கு யோசிக்கவே வேண்டாம், மார்ச் 22. பி.ரம்லி 1929இல் பிறந்த நாள். அப்பா ஆச்சேக்காரர், அம்மா எங்கள் பக்கத்துக் குபாங் புவாயா. தீவு, பெருநிலம் இரண்டுக்கும் சொந்தக்காரர். மூன்று இனமும் மறுக்காத ஒரே பெயர்.

3. சோலைமலை

குமரன், நோக்கம் நல்லது. ஆனால் கோயில் வாசிப்பை இதில் சேர்ப்பது சரியா என்று எனக்குச் சந்தேகம். நாதஸ்வரம் கோயிலில் வாசிப்பது வழிபாட்டின் ஒரு பகுதி. சாமிக்குச் செய்கிற சேவை. அதை மாநில அரசின் மேடைக்குக் கொண்டுவந்தால் ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்வார்கள், அமைச்சர் வந்ததும் நிறுத்தச் சொல்வார்கள். நம் மங்கல இசைக்கு அந்த நிலை வேண்டாம்.

அரசு கொண்டாடுகிற இசை நாள் என்றால் வானொலி, சினிமா, இசைத்தட்டு என்ற வட்டத்தோடு இருப்பது நல்லது. கோயிலைக் கோயிலிலேயே விட்டுவிடுவோம்.

4. நாதஸ்வரக்காரர் மகள்

சோலைமலை ஐயா, உங்கள் மரியாதை உணர்வு புரிகிறது. ஆனால் அந்த மரியாதை வாசிப்பவருக்கு வந்து சேரவில்லை என்பதை நான் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவள்.

என் அப்பா பினாங்கிலும் கெடாவிலும் பல கோயில்களில் வாசித்தவர். விடியற்காலை திருப்பள்ளியெழுச்சிக்குப் போவார், அர்த்தசாமப் பூசை முடிந்துதான் வருவார். திருவிழா நாட்களில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி எடுப்பார். கம்பீரநாட்டையில் அந்த மல்லாரி தவிலோடு சேர்ந்து எழும்பும்போது, தோளில் தூக்கியிருப்பவர்களின் நடையே மாறும். ரதம் நகரும்போது ஒரு வாசிப்பு, நிற்கும்போது ஒரு வாசிப்பு, தீபாராதனைக்கு ஒரு வாசிப்பு. எந்த வேளைக்கு எந்த ராகம் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தைப்பூசத்தில் ரதம் நகரத்திலிருந்து தண்ணீர்மலை அடிவாரம் போய்ச்சேரும் வரை, வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்து அர்ச்சனைத் தட்டு நீட்டுகிற அவ்வளவு நேரமும் வாசிப்பு நிற்கக்கூடாது. மூச்சைப் பிடித்து வாசிக்கிற வாத்தியம் அது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் தமிழகத்திலிருந்துதான் வரவழைப்பார். திருவாவடுதுறைச் சீவாளி வந்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு.

ஆனால் அவர் காலமானபோது அவர் வாசித்ததற்கு ஒரு நல்ல ஒலிப்பதிவு எங்களிடம் இல்லை. திருவிழா மலர்களில் உபயக்காரர் பெயர் இருக்கும், தலைவர், செயலாளர், பொருளாளர் படம் இருக்கும், அன்னதானம் கொடுத்தவர் பெயர் இருக்கும். வாசித்தவரைப் பற்றி ‘மங்கல இசை முழங்க’ என்று ஒரு வரி. யார் முழக்கினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரு கோயிலில் கடைசி இரண்டு மாதச் சம்பளமே வராமல் போனது. அப்பா கேட்கவில்லை, சாமி காரியம் என்றுவிட்டார்.

இப்போது பெரும்பாலான கோயில்களில் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அருமையான வித்துவான்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்ற கவலையோடுதான் இருக்கிறார்கள். ஆனால் இங்கே பிறந்த ஒரு பையனோ பெண்ணோ நாதஸ்வரம் கற்றுக்கொள்ள நினைத்தால், யாரிடம் போவது, கற்று என்ன பிழைப்பு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை.

ஆகவே மேடைக்காக நான் கேட்கவில்லை. அரசு ஒரு நாள் அறிவித்து, அதில் நாதஸ்வரமும் இந்த மாநிலத்தின் இசை என்று எழுத்தில் இருந்தால், அடுத்த ஆண்டு பயிற்சிக்கு மானியம் கேட்க ஒரு பிடி கிடைக்கும். எழுத்தில் இல்லாததற்கு யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள்.

5. சூலியா தெரு ஹமீது

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சோலைமலை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கில் எந்த இசையையும் வழிபாட்டிலிருந்து தனியாகப் பிரித்து எடுப்பது கஷ்டம். போரியா என்ற பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது பினாங்கு மலாய்க்காரர்களின் கலை, அரசு விழா எல்லாவற்றிலும் இருக்கும். அது முஹர்ரம் மாதத்தில் தொடங்கிய ஆட்டம். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவோடு வந்த முஸ்லிம் சிப்பாய்களிடமிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுகிற வரலாறு. முன்னால் ஒருவர் நின்று அடி எடுத்துக் கொடுப்பார், பின்னால் குழு திருப்பிப் பாடும். அந்த முன்பாட்டுக்காரரைத் துகாங் காராங் என்பார்கள். மார்க்கத்தை ஒட்டித் தொடங்கியது தெருவுக்கு வந்து, போட்டியாகி, நாடகமாகி, மாநிலத்தின் அடையாளமாகிவிட்டது. அதைக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ விட்டுவிடுவோம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பங்சாவான் என்ற மலாய் இசை நாடகத்தின் கதையும் அப்படித்தான். பம்பாய்ப் பக்கத்திலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் 1870களில் இங்கே வந்து ஆடின. அதைப் பார்த்து, 1885இல் பினாங்கில் மாமாக் புஷி என்பவர் மலாய் மொழியில் ஒரு குழு தொடங்கினார். ஆர்மோனியமும் தபலாவும் வயலினும் மலாய் மேடைக்கு வந்த வழி அதுதான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் (யுஎஸ்எம்) பேராசிரியர் தான் சூய் பெங் பங்சாவானைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

எங்கள் பக்கம் நாகூர் தர்கா இருக்கிறது. சூலியா தெரு முனையில் அந்தச் சிறிய கட்டடத்தைத் தினமும் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள். கந்தூரி நாட்களில் அங்கே பாடப்பட்ட தமிழ்ப் பாட்டுகள், பைத்துகள் என்ற புகழ்ப்பாக்கள், கொட்டு, இதெல்லாம் பினாங்கின் இசை இல்லையா? தமிழர் பட்டியல் போடும்போது எங்களை மறந்துவிடாதீர்கள். நாங்களும் தமிழில்தான் பாடினோம்.

6. ஜெலுத்தோங் ரவி

ஹமீது அண்ணன் எழுதியது பொன்னான செய்தி. நான் அலிகேட்ஸ் பக்கம் வருகிறேன்.

டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். பினாங்கு அண்ணன் தம்பி. 1960களின் கடைசியில் இங்கே குழு தொடங்கி, பிறகு ஹாங்காங் போய் அங்குள்ள விடுதிகளில் வாசித்துக் கைதேர்ந்து, 70களின் இறுதியில் திரும்பி வந்து மலாய்ப் பாட்டுகள் பாடினார்கள். அதற்கப்புறம் நடந்தது நாடறிந்தது. எந்த மலாய்க் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இன்றைக்கும் அவர்கள் பாட்டு ஒன்றாவது ஒலிக்கும். லோகநாதன் 2007இல் காலமானார். அந்தக் குரலில் இருந்த குழைவை எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

இவர்களை முதல் வரிசையில் போட வேண்டும். தமிழ்ப்பிள்ளைகள் மலாய் இசையின் நடுவே போய் நின்று, யார் தயவும் இல்லாமல், குரலால் மட்டும் இடம் பிடித்தார்கள். நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொரு பெயர், எல்.கிருஷ்ணன். மதராஸில் பிறந்து சிறு வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். பாடகர் இல்லை, இயக்குநர். 1950இல் வந்த ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் பி.ரம்லியை முதல் முறையாகக் கதாநாயகனாகப் போட்டு, அவருடைய சொந்தக் குரலிலேயே பாடவும் வைத்தவர். அதுவரை நடிப்பது ஒருவர், பாடுவது ஒருவர் என்றுதான் நடந்துகொண்டிருந்தது. பி.ரம்லி என்ற பாடகர்-நடிகரைத் திரையில் நாம் பார்த்ததற்கு ஒரு தமிழரின் கண்ணும் காரணம்.

7. சோலைமலை

ஹமீது பாய் சொன்ன போரியா உதாரணத்தை ஏற்கிறேன். வழிபாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒதுக்க முடியாது, சரி. ஆனால் ரவிக்கு ஒரு கேள்வி. அலிகேட்ஸ் பாடியது மலாயில். தமிழ் இசைக்கு அவர்கள் செய்தது என்ன என்று கேட்டால் என்ன சொல்வோம்? நாம் திரட்டுவது தமிழ் இசைப் பட்டியலா, தமிழர்களின் பட்டியலா?

8. ஜெலுத்தோங் ரவி

இரண்டும். மாநிலத்தின் நாள் இது, ஒரு மொழியின் நாள் இல்லை. ஜிம்மி பாயில் ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்த யுரேசியர், மலாயில் எழுதினார். அவரை மலாய்ப் பட்டியலா யுரேசியர் பட்டியலா என்று யாரும் கேட்பதில்லை, பினாங்குக்காரர் என்றுதான் சொல்கிறோம். ஆறுமுகம் சகோதரர்களுக்கும் அதே அளவுகோல் போதும்.

9. நூலக வாசகன்

தேதி பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பக்கத்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். இந்தோனேசியாவில் 2013இல் அதிபர் ஆணை மூலம் மார்ச் 9ஐத் தேசிய இசை நாளாக அறிவித்தார்கள். அவர்களுடைய தேசிய கீதத்தை இயற்றிய வா.ரு.சுப்ரத்மான் பிறந்த நாள் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர் பிறந்தது மார்ச் 19 என்று பூர்வோரெஜோ நீதிமன்றம் 2007இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அறிவிப்பு வந்த பிறகும் அந்தச் சர்ச்சை ஓயவில்லை. ஒரே ஒருவரின் பிறந்த நாளில் எல்லாவற்றையும் கட்டினால் இந்த மாதிரிச் சிக்கல் வரும்.

ஜமைக்காவில் வேறு வழி. 2008இலிருந்து பிப்ரவரி மாதம் முழுவதையும் ரெகே மாதம் என்று வைத்திருக்கிறார்கள். ரெகே பாடகர்கள் பாப் மார்லி, டென்னிஸ் பிரவுன் இருவரும் பிறந்த மாதம். ஒருவர் பிறந்த நாளாக இல்லாமல் போனதால் மற்றவர்களுக்கும் இடம் கிடைத்தது.

பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை நாளுக்கு யார் பிறந்த நாளும் இல்லை. கோடையில் பகல் மிக நீளமாக இருக்கும் நாட்களில் ஒன்று, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம் என்பது அதன் அடிப்படை. இன்றைக்குப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள்.

10. பட்டர்வொர்த் மாலதி

மார்ச் 22க்கு நான் ஏன் நிற்கிறேன் என்பதற்குக் காரணம் சொல்கிறேன். 2023இலிருந்து 2025 வரை நோன்பு மாதம் அந்தத் தேதியை ஒட்டியோ அதை உள்ளடக்கியோ வந்தது. அப்போது வைத்திருந்தால் மலாய்க் கலைஞர்கள் மேடை ஏறியிருக்க மாட்டார்கள். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2027இலிருந்து பெருநாளும் மார்ச் பாதிக்கு முன்பே முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு தலைமுறைக் காலத்துக்கு மார்ச் 22 யாருடைய நோன்பிலும் மோதாது. தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை.

பி.ரம்லி வீடும் இங்கேயே இருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. அந்தத் தெருவுக்கே அவர் பெயர்.

11. நாதஸ்வரக்காரர் மகள்

மாலதி அக்கா, ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். பங்குனி உத்திரம் சில ஆண்டு மார்ச் கடைசி வாரத்தில் வரும். 2024இல் மார்ச் 25இல் வந்தது. அந்தச் சமயம் நாதஸ்வரக்காரர் யாரும் கோயிலை விட்டு நகர முடியாது, பல கோயில்களில் பத்து நாள் திருவிழா நடக்கும். ஒரு நாள் என்பதை ஒரு வாரம் என்று வைத்தால், எங்களவர்கள் முன்னே பின்னே வந்து வாசிக்க வழி உண்டு. அல்லது அவர்கள் வாசிக்கிற கோயிலுக்கே அந்த நாளின் நிகழ்ச்சி வரட்டும். இசை நாள் என்பதற்காக எல்லோரையும் நகரத்துப் பாடாங் கோத்தா திடலுக்கு இழுத்து வர வேண்டுமா?

12. கோலாலம்பூர் ஆனந்தி

நாதஸ்வரக்காரர் மகள் கடைசியாக எழுதியதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். மேடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடை ஒரு இரவில் முடிந்துவிடும் என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாநில அளவில் செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் 1979 மார்ச் 7 அன்று, அந்த மண்ணில் பிறந்த ரே சார்ல்ஸை அழைத்து அவையிலேயே பாட வைத்தது. அவர் பாடிப் பிரபலமாக்கிய பாட்டு அடுத்த மாதம் மாநிலப் பாட்டாகவே ஆனது. கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை போட்ட அரங்குகள் இருந்த மாநிலம் அது. அதன் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் உட்கார்ந்து பியானோ வாசித்தார். அரசு மரியாதை என்பது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எனக்கு இது எப்போதும் நினைவுக்கு வரும்.

இரண்டாவது மிசிசிப்பி. புளூஸ் இசை பிறந்த, மிக ஏழ்மையான மாநிலம். அங்கே 2006இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எந்த ஊரில் எந்தக் கலைஞர் பிறந்தார், எந்தப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தார், எந்தச் சாராயக் கொட்டகையில் வாசித்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று பார்த்து அந்த இடத்திலேயே பெயர்ப்பலகை நட்டார்கள். முதல் பலகை சார்லி பாட்டன் என்ற கலைஞரின் கல்லறை பக்கம். இன்றைக்கு அப்படி 200க்கும் மேற்பட்ட பலகைகள். வாழ்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத கூலித் தொழிலாளிகளின் பெயர்கள் அவை.

நம் தோட்டத்து வரலாறும் அதற்கு வெகு தூரம் இல்லை. ஜார்ஜ்டவுன் சுவர்களில் தெரு வரலாற்றைச் சொல்லும் இரும்புக் கம்பிச் சித்திரங்களை மாநில அரசே வைத்திருக்கிறது. அதே போல இசைக்காரர்களுக்கும் பலகை வைக்கலாமே? குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் ஒன்று, நாகூர் தர்கா பக்கம் ஒன்று, பழைய இசைத்தட்டுக் கடை இருந்த இடத்தில் ஒன்று, பிறையில் ஒன்று, நிபோங் திபாலில் ஒரு தோட்டத்துக் கோயிலில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு பலகை. இசை நாளன்று திறப்பு. அந்தக் கலைஞரின் குடும்பம் திறந்து வைக்கட்டும்.

13. உறுமி செல்வா

எல்லாரும் பெரியவர்கள் பேசுகிறீர்கள். உறுமி மேளம் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறையில் ஓர் உறுமிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் குழுவில் தொழிற்சாலை வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், கல்லூரியில் படிப்பவர் எல்லாரும் உண்டு. காவடி எடுக்கிறவர் அருள் வந்து நடக்க எங்கள் அடி வேண்டும். உறுமியில் இடது பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால்தான் அந்த முனகல் வரும், வலது பக்கம் அடி. தேய்க்கிற கை பழக மாதக்கணக்கில் ஆகும். பம்பையும் தப்பும் சேர்ந்து, ஆள் நடக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். படியில் ஏறும்போது ஒரு காலம், சமதளத்தில் ஒரு காலம். எந்தப் புத்தகத்திலும் இல்லை, அண்ணன்மார் அடிக்கிறதைப் பார்த்துக் கற்றோம்.

ஆனால் எங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சத்தம், சண்டை, சினிமாப் பாட்டு என்றுதான் வரும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எங்களுக்கான விதிமுறைதான் முதலில் வரும், பாராட்டு வராது. தவறு செய்கிற குழுவைக் கண்டியுங்கள், நாங்களே கண்டிக்கிறோம். தோட்டத்துக் கோயிலில் எங்கள் தாத்தா அடித்த அடி இது, அதையும் பட்டியலில் போடுங்கள் என்று கேட்கிறேன்.

14. சோலைமலை

செல்வா தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிகை இல்லை. உறுமிக்கும் பறைக்கும் தப்புக்கும் நம்மவர்களே கொடுக்காத மரியாதையை அரசிடம் கேட்கிறோம் என்பது உண்மை. சாதியை வைத்து வாத்தியத்தை எடை போட்டது நம் சமூகம். தோட்டத்தில் சாவுக்கு அடித்தவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதவர்கள் நம்மில் இருந்தார்கள். பட்டியல் போடும்போது உறுமி கடைசிப் பக்கத்தில் இல்லாமல், நாதஸ்வரம் இருக்கிற அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இதை மகஜரில் எழுதச் சொல்லி நான் நிற்பேன்.

15. நாதஸ்வரக்காரர் மகள்

நானும். அதே பக்கத்தில்.

16. நூலக வாசகன்

பெயர் திரட்டும்போதே ஒலியையும் திரட்டுவோம். வீட்டில் பழைய கேசட், ஸ்பூல் டேப், இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ படிவு தெரிந்தால் தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள். டேப் அறுந்துபோகலாம், பூஞ்சை டெக்குக்கும் பரவி அடுத்த டேப்பையும் கெடுக்கும். உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிற டேப்பையும் அடிக்கடி ஓட்டாமல், முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். உறைமேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துச் சேருங்கள். யார் வாசித்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, அவர் சொல்வதையும் கைப்பேசியில் பதியுங்கள். ஒலி கிடைத்தும் யார் என்று தெரியாமல் போவது பெரிய நஷ்டம்.

காப்புரிமை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மலேசியச் சட்டத்தில் பாட்டை இயற்றியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்கப்புறம் 50 ஆண்டும். ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 50 ஆண்டு. இரண்டும் தனித்தனி. 1960களில் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை முடிந்திருந்தாலும், பாட்டெழுதியவரின் உரிமை உயிரோடு இருக்கலாம். ஆகவே பொதுவில் ஏற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வீட்டில் பத்திரப்படுத்தி வைக்கத் தயங்க வேண்டாம்.

வானொலியையும் விடக்கூடாது. 1934இலேயே பினாங்கில் ஒரு வானொலிச் சங்கம் இசட்எச்ஜே என்ற நிலையத்தை நடத்தியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பு இருந்தது. அதில் தமிழில் யார் பாடினார்கள் என்று யார் வீட்டிலாவது ஒரு பேச்சு, ஒரு படம், ஒரு நாளிதழ்த் துணுக்கு இருந்தால் அது தங்கம்.

17. சூலியா தெரு ஹமீது

தமிழ் நேசனின் பழைய இதழ்களையும் பாருங்கள். 1924இலிருந்து 2019 வரை வந்த நாளிதழ். கச்சேரி விளம்பரங்கள், திருவிழா அழைப்புகள், இரங்கல் செய்திகள் எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கோயிலில் எந்த ஆண்டு யார் வாசித்தார் என்பதற்கு விளம்பரத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

18. ஆயர் ஈத்தாம் குமரன்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை இங்கே படித்ததை வைத்து மகஜரின் முதல் வரைவை எழுதியிருக்கிறேன். முக்கியப் பகுதி இது:

பினாங்கு மாநில இசை நாளாக மார்ச் 22ஐ அறிவிக்க வேண்டும். அதை ஒட்டிய ஒரு வாரம் கோயில், பள்ளிவாசல், தமிழ்ப்பள்ளி, சமூக மண்டபம் என்று அவரவர் இடத்திலேயே நிகழ்ச்சி நடத்திக்கொள்ள சிறு மானியம் வேண்டும். பங்குனி உத்திரம் அந்த வாரத்தில் வந்தால் நாதஸ்வரக் குழுக்களுக்கு நாளை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். ஆண்டுக்கு ஒரு பெயர்ப்பலகை, கலைஞரின் குடும்பத்தார் திறந்து வைப்பது. வாசிக்க அழைக்கப்படுபவர் எவராயினும், கோயில் வாத்தியக்காரர் உட்பட, எழுத்து மூலம் ஒப்பந்தமும் நிகழ்ச்சி முடிந்த அன்றே ஊதியமும். நாதஸ்வரம், தவில், உறுமி, பறை, தப்பு, தர்கா இசை, மெல்லிசைக் குழு ஆகியவை மாநில இசை மரபின் பகுதி என்று அறிவிப்பின் வாசகத்திலேயே இருக்க வேண்டும். உறுமியும் நாதஸ்வரமும் ஒரே பத்தியில் வருகின்றன, சோலைமலை ஐயா பார்த்துக்கொள்ளவும்.

பெயர்களை இங்கே பொதுவில் போட வேண்டாம். குடும்பத்தாரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் வாத்தியம், ஊர், வாசித்த இடங்கள், ஏறத்தாழ எந்த ஆண்டுகள், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற விவரம் வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பரம்பரையைக் கோக்க அதுதான் உதவும்.

19. பட்டர்வொர்த் மாலதி

பெருநிலத்துக் கோயில்களில் கேட்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வாரக் கடைசியில் போகலாம், செல்வா தம்பி பிறைப் பக்கத்துக் குழுக்களை அறிமுகப்படுத்தினால் உதவியாக இருக்கும். மெல்லிசைக் குழுக்களில் பாடிய பெண்களைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். கல்யாணமானதும் மேடையை விட்டவர்கள் பலர். கேட்காவிட்டால் அவர்களாக வந்து பெயர் சொல்ல மாட்டார்கள்.

20. உறுமி செல்வா

வருகிறேன் அக்கா. எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் பழைய தோட்டத்துக் கோயில்களில் அடித்தவர், இப்போது புக்கிட் மெர்தாஜாமில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடமிருந்து தொடங்கலாம்.

21. நிபோங் திபால் வாசு

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் தோட்டங்கள் போய்விட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறிவிட்டது. ஆனால் கோயில்கள் சில இருக்கின்றன, திருவிழாவுக்கு ஊர் மாறிப் போனவர்கள் எல்லாம் வருவார்கள். பழைய பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் இருவர் இன்னும் நலமாக இருக்கிறார்கள். சம்மதம் கேட்டுவிட்டு விவரத்தைக் குமரனுக்கு அனுப்புகிறேன். ஆனந்தி சொன்ன பலகைக்கு இடம் கேட்டால் கோயில் நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன்.

22. ஆயர் ஈத்தாம் குமரன்

அனுப்புங்கள் வாசு. வரைவில் திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் இங்கேயே எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் கையெழுத்துத் திரட்டத் தொடங்குவோம்.